கார உலோக அணுக்களில் ஸ்டார்க் நகர்வை அளப்பது எப்படி: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

சேலம் வட்டாரத்தில் முதுநிலை இயற்பியல் படித்துக்கொண்டு, ஆய்வுத் திட்டத்துக்காக அணு நிறமாலையியல் பக்கம் வருகிற மாணவர்களை மனத்தில் வைத்து இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். மின்புலத்தில் நிற்கும் ரூபிடியம் அணுவின் நிறமாலை வரி எவ்வளவு நகர்கிறது (இதுவே ஸ்டார்க் நகர்வு) என்பதை ஏறத்தாழ ஒரு சதவீதத் துல்லியத்துடன் அளந்து முடிப்பதே நமது இலக்கு. புதிதாக வருகிறவர்களின் கவனம் லேசரின் மீதும் ஒளிக் கருவிகளின் மீதும்தான் முதலில் போகும். ஆனால் இந்த அளவீட்டில் சேரும் பிழைகளில் பெரும்பகுதி, அணு நிற்கும் இடத்தில் மின்புலம் உண்மையில் எவ்வளவு என்பது சரியாகத் தெரியாமலிருப்பதால் வருவது. ஆகவே தகடு, இடைவெளி, மின்னழுத்தம் ஆகிய மூன்றுக்கும் இங்கே கூடுதலாக இடம் கொடுத்திருக்கிறேன். லேசரைப் பற்றித் தேவையான அளவு மட்டும் சொல்லியிருக்கிறேன்.

கணக்கை முதலில் தாளில் போடுங்கள்

1913ஆம் ஆண்டில் ஜெர்மனியில் யோகன்னஸ் ஸ்டார்க், ஹைட்ரஜனின் பாமர் வரிசை வரிகள் வலுவான மின்புலத்தில் பல கூறுகளாகப் பிரிவதைக் கண்டறிந்தார். அதே ஆண்டில் இத்தாலியில் அந்தோனியோ லோ சுர்தோவும் தனியாக அதையே கண்டார். ஸ்டார்க்குக்கு 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹைட்ரஜனில் ஒரே ஆற்றலுடைய, எதிரெதிர் சமச்சீர்மை கொண்ட மட்டங்கள் இருப்பதால் நகர்வு மின்புலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. சோடியம், பொட்டாசியம், ரூபிடியம், சீசியம் போன்ற கார உலோக அணுக்களில் அப்படி இல்லை. அங்கே எஸ் மட்டமும் பி மட்டமும் ஆற்றலில் வெகுதூரம் விலகியிருக்கின்றன. அணுவுக்கு நிலையான மின் இருமுனை எதுவும் கிடையாது. புலம் முதலில் அணுவின் எலக்ட்ரான் மேகத்தைச் சற்றே இழுத்து ஓர் இருமுனையைத் தூண்ட வேண்டும்; பிறகு அதே புலம் அந்த இருமுனையின் மீது செயல்பட வேண்டும். புலம் இருமுறை வேலை செய்வதால் ஆற்றல் நகர்வு புலத்தின் இருபடிக்கு நேர்விகிதத்தில் அமைகிறது (முனைவாகும் திறன் என்பது புலத்தால் எலக்ட்ரான் மேகம் எவ்வளவு எளிதில் இழுபடுகிறது என்பதன் அளவு):

ஆற்றல் நகர்வு = − ½ × முனைவாகும் திறன் × (மின்புலம்)²

ரூபிடியத்தின் அடிமட்டமான 5எஸ்-1/2 மட்டமும், நாம் அளக்கப்போகும் 795 நானோமீட்டர் டி1 வரியின் மேல்மட்டமான 5பி-1/2 மட்டமும் புலத்தில் கீழே இறங்குகின்றன. மேல்மட்டத்துக்கு முனைவாகும் திறன் அதிகமாகையால் அது கூடுதலாக இறங்கும். எனவே வரியின் அதிர்வெண் குறையும், அதாவது வரி சிவப்புப் பக்கம் நகரும். உங்கள் வரைபடத்தில் வரி நீலப் பக்கம் நகர்வதாகத் தெரிந்தால், அதிர்வெண் அச்சின் குறி தலைகீழாக இருக்கிறது என்று முதலில் சந்தேகியுங்கள்.

எவ்வளவு நகரும்? அமெரிக்காவின் ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியைச் சேர்ந்த குழு 1994இல் வெளியிட்ட அளவீட்டின்படி, ரூபிடியம் டி1 வரி ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கிலோவோல்ட் புலத்தில் 61.15 கிலோஹெர்ட்ஸ் நகர்கிறது. பொட்டாசியத்துக்கு அதே அளவு 39.4 கிலோஹெர்ட்ஸ். சோடியத்துக்கு ஏறத்தாழ 25, சீசியத்துக்கு ஏறத்தாழ 115. அணு பெரிதாக ஆக, வெளி எலக்ட்ரான் தளர்வாகப் பிணைக்கப்பட்டிருப்பதால் நகர்வும் கூடுகிறது. ஒரு சென்டிமீட்டருக்கு 10 கிலோவோல்ட் புலத்தில் ரூபிடியம் வரி 6.1 மெகாஹெர்ட்ஸ் நகரும் என்றாகிறது. அந்த வரியின் இயற்கை அகலம் 5.75 மெகாஹெர்ட்ஸ். அதாவது இருக்கிற முழு புலத்தையும் கொடுத்தாலும் வரி தன் அகலத்தின் அளவுக்குத்தான் நகரும். ஒரு சதவீதத் துல்லியம் வேண்டுமானால் வரியின் மையத்தை அதன் அகலத்தில் நூறில் ஒரு பங்குக்குக் குறித்தாக வேண்டும். இந்த எண்ணைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கருவி போதும், எது போதாது என்பதை இதுவே தீர்மானிக்கும்.

எந்த அணு, எந்த வரி

நகர்வு மட்டும் முக்கியமென்றால் சீசியம்தான் சிறந்தது. ஆயினும் தொடக்கத்துக்கு ரூபிடியத்தையே பரிந்துரைக்கிறேன். 795 நானோமீட்டர் டையோடு லேசர் எளிதாகக் கிடைக்கிறது. அறை வெப்பநிலையிலேயே ஒப்பீட்டுக் குப்பியில் (லேசரின் அதிர்வெண்ணை ஒப்பிட்டுப் பார்க்க ரூபிடியத்தை அடைத்து வைத்த கண்ணாடிக் குப்பி) போதிய ஆவி இருக்கிறது. இயற்கை ரூபிடியத்தில் 85, 87 ஆகிய இரு ஐசோடோப்புகளும் கலந்திருப்பதால் அவற்றின் மீநுண் இடைவெளிகள் (அணுக்கருவின் சுழற்சியால் ஒரு மட்டம் பிரியும்போது உண்டாகும் சிறு இடைவெளிகள்) அளவுகோலாகவும் பயன்படுகின்றன.

இன்னொரு காரணம் நம் ஊரின் வெயில். சீசியம் 28.5 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சேலத்தில் ஆண்டின் பெரும்பாலான பகல்களில் அது குப்பிக்குள் திரவமாகத்தான் கிடக்கும். ஏற்காட்டின் மார்கழி இரவில் மீண்டும் உறைந்துவிடும். ரூபிடியத்தின் உருகுநிலை 39.3 டிகிரி. சித்திரை, வைகாசி மாதங்களில் சேலத்தில் குளிரூட்டி இல்லாத அறையில் அதுவும் இளகக்கூடும். திரவமான உலோகம் குப்பியின் கண்ணாடிச் சன்னலில் ஓடிப் படிந்தால் ஒளி மறைந்துவிடும். ஆகவே குப்பியின் வால்பகுதி எப்போதும் சன்னல்களைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கும்படி சன்னல்களைச் சுற்றி மெல்லிய சூடாக்கியைக் கட்டிவிடுங்கள்.

வரியைப் பொறுத்தவரை 780 நானோமீட்டர் டி2 வரி வலுவானதுதான். ஆனால் அதன் மேல்மட்டம் 5பி-3/2 ஆகையால் அங்கே ஸ்கேலர் முனைவாகும் திறனோடு டென்சர் பகுதியும் சேர்ந்துகொள்கிறது. காந்தக் குவாண்டம் எண்ணைப் பொறுத்து ஒவ்வோர் உள்மட்டமும் வேறுவேறு அளவு நகர்கிறது. வரி நகர்ந்ததா, உருவம் மாறியதா என்று பிரித்தறிவது புதியவருக்குக் கடினம். டி1 வரியில் இரு மட்டங்களுக்கும் மொத்தக் கோண உந்தம் 1/2 என்பதால் டென்சர் பகுதி நமது துல்லியத்துக்குப் பொருட்படுத்த வேண்டியதில்லை. எல்லா உள்மட்டங்களும் ஒன்றாகவே நகரும். வரி உருவம் மாறாமல் அப்படியே இடம் பெயரும். டி1 வரியில் கை தேர்ந்த பிறகு டி2 வரிக்குப் போகலாம்.

கண்ணாடிக் குப்பியின் இரு பக்கமும் தகடு வைக்காதீர்கள்

ரூபிடியம் குப்பியை இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து மின்னழுத்தம் கொடுத்துவிடலாமே என்றுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். செலவு குறைவு, வெற்றிடப் பம்பும் தேவையில்லை. ஆனால் அந்த ஏற்பாட்டில் பெரும்பாலும் நகர்வே தெரியாது. குப்பியின் உட்சுவரில் ரூபிடியம் அணுக்கள் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். அந்தப் படலம் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும். லேசர் ஒளியால் வெளிப்படும் எலக்ட்ரான்களும் அயனிகளும் அதோடு சேர்ந்துகொள்ளும். நேர்திசை மின்னழுத்தம் கொடுத்தவுடன் இந்த மின்னூட்டங்கள் சுவரில் இடம் மாறி, உள்ளே இருக்கும் புலத்தை ஏறத்தாழ முழுவதுமாக ரத்து செய்துவிடும். வெளியே வோல்ட்மீட்டர் 5 கிலோவோல்ட் காட்டும். உள்ளே இருக்கும் அணுவோ புலமே இல்லாத இடத்தில் திரிந்துகொண்டிருக்கும்.

மின்வாய்களைக் குப்பிக்கு உள்ளேயே வைத்துச் செய்யப்பட்ட சிறப்புக் குப்பிகள் உண்டு. விரைவாக மாறும் மாறுதிசைப் புலத்தைப் பயன்படுத்தினாலும் படலத்தால் அதை முழுதாகத் தடுக்க முடியாது. ஆனாலும் எண்ணிக்கையில் நம்பத்தக்க அளவீடு வேண்டுமென்றால் வெற்றிட அறைக்குள் அணுக்கற்றையும், அதைச் சூழ்ந்த இணைத்தகடுகளும்தான் சரியான வழி.

தகடுகளும் இடைவெளியும்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். புலம் என்பது மின்னழுத்தத்தை இடைவெளியால் வகுத்தால் வருவது. நகர்வோ புலத்தின் இருபடி. ஆகவே இடைவெளியில் அரை சதவீதப் பிழை இருந்தால் விடையில் ஒரு சதவீதப் பிழை வந்துவிடும். நமது இலக்கு முழுவதும் அங்கேயே செலவாகிவிடும். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் அரை சதவீதம் என்பது 25 மைக்ரான். தாள் ஒன்றின் தடிமனைவிடக் குறைவு.

60 மில்லிமீட்டர் பக்கமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள இரு சதுரத் தகடுகள், நடுவில் 5 மில்லிமீட்டர் இடைவெளி என்பது நல்ல தொடக்கம். விளிம்பில் புலம் வெளியே பிதுங்கும். ஆனால் விளிம்பிலிருந்து இடைவெளியைப்போல் இரு மடங்கு தூரம் உள்ளே வந்துவிட்டால் அந்தப் பிதுங்கலின் தாக்கம் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தகட்டின் நடுவில் லேசர் பாயும் இடத்தில் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். விளிம்புகளையும் மூலைகளையும் மட்டும் நன்றாக உருட்டிவிட வேண்டும். கூரான மூலையில் புலம் பன்மடங்காகித் தீப்பொறி பாயும்.

தகட்டுக்கு எவர்சில்வர் போதுமானது. சேலம் உருக்காலை இருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. 304 அல்லது 316 ரகம் காந்தப் பண்பு அற்றது. ஆயினும் 304 ரகத்தை அழுத்தியும் வளைத்தும் வேலை செய்தால் அதில் லேசான காந்தத் தன்மை வந்துவிடும். ஆகவே வெட்டி முடித்த தகட்டின் மீது சிறு காந்தம் ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டு, அது இழுபடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

லேத் பட்டறையில் தகட்டைக் கொடுக்கும்போது, பளபளப்பும் தட்டைத்தன்மையும் ஒன்றல்ல என்பதைப் பட்டறைக்காரரிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பாத்திரத்துக்கும் செவ்வாய்ப்பேட்டையின் வெள்ளிக் கொலுசுக்கும் பாலிஷ் போடுகிற துணிச் சக்கரத்தில் தகட்டைப் பிடித்தால் முகம் தெரியும் அளவுக்கு மின்னும். ஆனால் விளிம்புகள் சரிந்து, மேற்பரப்பு கண்ணுக்குத் தெரியாத அலைகளாக மாறிவிடும், பாலிஷ் மெழுகும் நுண்துளைகளில் தங்கிப் பின்னால் வெற்றிடத்தைக் கெடுக்கும். முதலில் சர்ஃபேஸ் கிரைண்டிங், பிறகு தட்டையான வார்ப்பிரும்புப் பலகையின் மீது படிப்படியாக நுண்மையாகும் பொடிகளைக் கொண்டு கையால் தேய்ப்பது, இறுதியில் வைரப் பசை. இந்த வரிசையில்தான் செய்யச் சொல்ல வேண்டும்.

தட்டைத்தன்மையைச் சோதிக்க எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் வழி உண்டு. நியூட்டன் வளையச் சோதனைக்கு வைத்திருக்கும் சோடியம் விளக்கையும், ஒளியியல் தட்டைக் கண்ணாடி ஒன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். தேய்த்துத் துடைத்த தகட்டின் மீது கண்ணாடியை மெதுவாக வைத்து, மஞ்சள் ஒளியில் மேலிருந்து பாருங்கள். நேரான, சம இடைவெளிக் கோடுகள் தெரிந்தால் தகடு தட்டை. கோடுகள் வளைந்தால் எத்தனை கோட்டு அகலத்துக்கு வளைகின்றன என்று எண்ணுங்கள். ஒரு கோட்டு அகலம் சோடியம் ஒளியின் அலைநீளத்தில் பாதி, அதாவது 0.29 மைக்ரான் மேடு பள்ளத்தைக் குறிக்கும். பத்துக் கோடு வளைந்தாலும் 3 மைக்ரான்தான். நமக்கு அது தாராளம். கோடுகளே தெரியாமல் வெறும் மஞ்சள் ஒளி மட்டும் தெரிந்தால் இடையில் தூசி இருக்கிறது, அல்லது தகட்டை மீண்டும் பலகையில் தேய்க்க வேண்டும்.

இரு தகடுகளுக்கும் நடுவே, மூலைகளுக்கு அருகில், ஒரே அளவான மூன்று உருக்கிய சிலிக்கா இடைத்துண்டுகளை வைக்க வேண்டும். நான்கு வைத்தால் ஒன்று ஆடும். மூன்று வைத்தால் தகடு தானாக உட்காரும். மூன்றின் தடிமனையும் ஒரு மைக்ரான் வரை காட்டும் மைக்ரோமீட்டரால் பலமுறை அளந்து எழுதுங்கள். பிறகு தகடுகளைப் பூட்டியபின், ஸ்லிப் கேஜை (துல்லியமான தடிமன் கொண்ட அளவுத்துண்டு) நான்கு பக்கமும் நுழைத்துப் பார்த்து, ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை 15 டிகிரி மாறினாலும் சிலிக்கா அரிதாகவே விரிவடையும் என்பதால் வெப்பத்தால் வரும் பிழையை விட்டுவிடலாம். தகடு ஒரு பக்கம் சாய்ந்திருப்பதுதான் உண்மையான ஆபத்து. லேசர் எந்த இடத்தில் அணுக்கற்றையைச் சந்திக்கிறதோ அந்த இடத்தின் இடைவெளிதான் கணக்கில் வர வேண்டும்.

இறுதியாக அசிட்டோனாலும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலாலும் கழுவி, கையுறையோடு மட்டுமே தொடுங்கள். இடைத்துண்டின் மீது பதியும் ஒரு விரல் ரேகையே உயர் மின்னழுத்தத்தில் கசிவுப் பாதையாகிவிடும்.

மின்னழுத்தம்

5 கிலோவோல்ட் தரும், ஒரு மில்லிஆம்பியருக்குக் கீழ் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் மூலம் போதும். வெளியீட்டில் சில மெகா ஓம் மின்தடையைத் தொடராக இணையுங்கள்; தீப்பொறி பாய்ந்தாலும் தகட்டின் பாலிஷ் கெடாமல் அது காக்கும். வெற்றிட அறையைத் திறக்கும் முன் மூலத்தை அணைத்து, தகடுகளைப் புவி இணைப்புக் கோலால் தொட்டு, அந்தக் கோலை அங்கேயே தொங்கவிட்டுவிட்டுத்தான் கையை உள்ளே கொண்டுபோக வேண்டும். மின்னழுத்தம் இருக்கும்போது ஒரு கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் தனியாக இருக்கும் நாளில் உயர் மின்னழுத்தத்தை இயக்கவே கூடாது. இதில் விதிவிலக்கு எதையும் நான் ஏற்கமாட்டேன்.

மூலத்தின் முகப்பில் தெரியும் எண்ணை அளவீடாகக் கொள்ளாதீர்கள். கையில் பிடிக்கும் உயர் மின்னழுத்தப் புரோபும் ஒன்றிரண்டு சதவீதம் தவறலாம். இருபடியாகும்போது அது நான்கு சதவீதம் வரை போகும். நல்ல மின்தடைகளால் ஆயிரத்தில் ஒரு பங்காகப் பிரிக்கும் பகுப்பான் ஒன்றை அமைத்து, அதை என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் தேசிய வாரியம்) அங்கீகாரம் பெற்ற அளவுத்திருத்த ஆய்வகம் ஒன்றில் சரிபார்த்து வாங்கிக்கொள்வது செலவுக்குத் தகுந்த பலன் தரும். இந்தச் சோதனைக்கான பணத்தில் முதலில் ஒதுக்க வேண்டியது இதற்குத்தான் என்பது என் உறுதியான கருத்து.

வெற்றிடம் ஒரு மில்லிபாரில் 10 இலட்சத்தில் ஒரு பங்கு அளவுக்கு வந்தபிறகு, மின்னழுத்தத்தை நூறு நூறு வோல்ட்டாக உயர்த்துங்கள். ஒவ்வொரு படியிலும் கசிவு மின்னோட்டத்தைப் பாருங்கள். துள்ளித் துள்ளி அடங்கினால் மேற்பரப்பின் நுண்முட்கள் எரிந்து தகடு பழகுகிறது என்று பொருள், காத்திருக்கலாம். மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனால் இடைத்துண்டின் மீது ரூபிடியம் படிந்து கடத்தத் தொடங்கியிருக்கிறது. நிறுத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

ஏற்காட்டில் இந்தச் சோதனையை அமைக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் சமவெளியைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. காற்றின் மின்காப்பும் அதற்கேற்பக் குறையும். அதோடு மாதக்கணக்கில் தங்கும் மூடுபனியின் ஈரம் காப்புப் பொருட்களின் மேல் படியும். வெற்றிட அறைக்கு வெளியே இருக்கும் இணைப்புகளுக்கும் உலோகப் பாகங்களுக்கும் இடையே சேலத்தில் விட்டதைவிடக் கூடுதலாக இடம் விட்டு, இணைப்புகளைச் சிலிக்கோன் பசையால் மூடிவிடுவது நல்லது. ரூபிடியம் ஆம்பூலை (மூடி உருக்கிய கண்ணாடிக் குழாய்) உடைத்து, அணுக்கற்றையை உண்டாக்கும் உலையில் வைக்கும் வேலையை அந்த ஈரக் காற்றில் செய்யவே கூடாது. உலர்ந்த ஆர்கான் நிரம்பிய பெட்டிக்குள் மட்டுமே செய்யுங்கள். தண்ணீர் பட்டால் ரூபிடியம் தீப்பிடிக்கும் என்பதால், பக்கத்தில் தண்ணீர் வாளிக்குப் பதில் உலர்ந்த மணல் வாளி இருக்கட்டும்.

அணுக்கற்றையும் லேசரும்

உலையை 100 முதல் 150 டிகிரி வரை சூடாக்கினால் அணுக்கள் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 300 மீட்டர் வேகத்தில் வெளிவரும். இரண்டு குறுகிய பிளவுகள் வழியாக அவற்றை ஒழுங்குபடுத்தி, தகடுகளுக்கு இணையாகச் செலுத்தி, லேசரை அதற்குச் செங்குத்தாகக் குறுக்கே விடுங்கள். செங்குத்திலிருந்து ஒரு மில்லிரேடியன் சாய்ந்தாலும் டாப்ளர் விளைவால் வரி ஏறத்தாழ 0.4 மெகாஹெர்ட்ஸ் நகரும். அது புலம் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒன்றாகவே இருப்பதால் கழித்தலில் மறைந்துவிடும். அளவீட்டின் நடுவே கண்ணாடியைத் தொட்டால்தான் மறையாது.

லேசர் ஒளியை ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிவாட் அளவுக்குக் குறைத்துவிடுங்கள். டி1 வரியில் அணு சில ஃபோட்டான்களை உமிழ்ந்தவுடனே மற்றோர் அடிமட்டத்துக்கு வழுக்கிப் போய் ஒளிர்வதை நிறுத்திவிடும். ஒளியைக் கூட்டுவதால் சமிக்ஞை கூடாது, வரிதான் அகலமாகும். தகட்டில் சிதறும் ஒளி ஃபோட்டோ டையோடுக்குப் போகாதபடி மறைப்புகளை வைப்பதில் செலவிடும் நேரம் வீணாகாது.

அதிர்வெண் அளவுகோலுக்கு, லேசரின் அதிர்வெண்ணை மெதுவாக நகர்த்திக்கொண்டே புலமற்ற குப்பியின் தெவிட்டிய உட்கவர் நிறமாலையையும் (எதிரெதிராகச் செல்லும் இரு கற்றைகளால் டாப்ளர் அகலத்தை நீக்கி எடுக்கும் நிறமாலை) கூடவே பதிவு செய்வது எளிய முறை. ரூபிடியம்-85இன் 5பி-1/2 மட்டத்தின் மீநுண் இடைவெளி 361.6 மெகாஹெர்ட்ஸ், ரூபிடியம்-87க்கு 814.5. இவற்றைக் கொண்டு அச்சைக் குறிக்கலாம். ஆனால் லேசரின் அதிர்வெண்ணை நகர்த்தும் பீசோ படிகம் (மின்னழுத்தத்தால் நீளம் மாறும் படிகம்) சீராக நகராது. 361 மெகாஹெர்ட்ஸில் சரியாக இருக்கும் அளவுகோல் 6 மெகாஹெர்ட்ஸில் சில சதவீதம் தவறலாம். ஒரு சதவீதம் வேண்டுமானால் ஒரு லேசரை ஒப்பீட்டுக் குப்பியில் பூட்டி, அதன் ஒளியின் ஒரு பகுதியை ஒலி-ஒளிப் பண்பேற்றி (ஒலி அலையால் ஒளியின் அதிர்வெண்ணை நகர்த்தும் கருவி) வழியாக அனுப்பி, பண்பேற்றியின் ரேடியோ அதிர்வெண்ணை 0.2 மெகாஹெர்ட்ஸ் படிகளாக மாற்றி வரியைக் கடக்க வேண்டும். அப்போது உங்கள் அளவுகோல் ஒரு மின்னணு அலையியற்றி. அதில் வரும் பிழை நமக்கு ஒரு பொருட்டே அல்ல.

காந்தப்புலமும் வரியைச் சற்றுப் பிரித்து அகலமாக்கும் என்பதால் அதையும் சமன்செய்ய வேண்டும். புவிக் காந்தப்புலம் சேலத்தில் ஏறத்தாழ 0.4 காஸ். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடிக்கு அருகில் ஓடுவதால் இங்கே அது பெரும்பாலும் கிடைமட்டமாக, வடக்கு நோக்கியே இருக்கிறது. திசைகாட்டியைப் பார்த்து வடக்கு-தெற்காக ஒரு ஜோடி ஹெல்ம்ஹோல்ட்ஸ் சுருளை வைத்தால் பெரும்பகுதி அடங்கிவிடும். இது நமக்கு வாய்த்த வசதி.

அளவெடுக்கும் வரிசை

மின்னழுத்தத்தைச் சம இடைவெளியில் கூட்டாமல், அதன் இருபடி சம இடைவெளியில் வருமாறு தேர்ந்தெடுங்கள். 5 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 2.24, 3.16, 3.87, 4.47, 5.00 கிலோவோல்ட் என்பவை அப்படி அமைந்தவை. எதிர்பார்க்க வேண்டிய நகர்வுகள் முறையே 1.22, 2.45, 3.67, 4.89, 6.12 மெகாஹெர்ட்ஸ்.

ஒவ்வொரு மதிப்பிலும் சுழியம், நேர்க்குறி, சுழியம், எதிர்க்குறி, மீண்டும் சுழியம் என்ற வரிசையில் வரியைப் பதிவுசெய்யுங்கள். லேசரின் பூட்டு அறை வெப்பநிலையோடு மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கும். புலமுள்ள ஒவ்வொரு பதிவையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள சுழியப் பதிவுகளின் சராசரியிலிருந்து கழித்தால் அந்த ஊர்தல் பெருமளவு நீங்கிவிடும். எல்லாச் சுழியப் பதிவுகளையும் காலையிலும், எல்லா உயர் மின்னழுத்தப் பதிவுகளையும் மதியத்திலும் எடுத்தால் நீங்கள் அளப்பது அறையின் சூட்டைத்தான்.

நேர்க்குறிக்கும் எதிர்க்குறிக்கும் நகர்வு ஒன்றாக இருக்க வேண்டும். இருபடிக்குக் குறி தெரியாது. இரண்டும் மாறினால் தகட்டில் ஒட்டிய மின்னூட்டம் ஒரு தனிப்புலத்தை உண்டாக்குகிறது என்று பொருள். ஒரு சென்டிமீட்டருக்கு 20 வோல்ட் தனிப்புலம் இருந்தால், 10 கிலோவோல்ட் புலத்தில் இரு குறிகளுக்கும் இடையே 49 கிலோஹெர்ட்ஸ் வேறுபாடு வரும். இரண்டின் சராசரியை எடுத்தால் அந்தப் பிழை ஏறத்தாழ முழுதும் நீங்கும்; வேறுபாட்டையும் தனியே குறித்து வாருங்கள். அது நாளுக்கு நாள் கூடினால் தகடு அழுக்காகிறது.

ஒவ்வொரு வரிக்கும் லோரென்ட்ஸ் வடிவத்தையோ வாய்ட் வடிவத்தையோ பொருத்தி மையத்தைக் கண்டு, மையத்தின் நகர்வை மின்னழுத்தத்தின் இருபடிக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வர வேண்டும். அதன் சாய்வை இடைவெளியின் இருபடியால் பெருக்கினால் நாம் தேடும் எண் கிடைக்கும். கோட்டை ஆதிப்புள்ளி வழியாகப் போகும்படி கட்டாயப்படுத்தாதீர்கள். சுதந்திரமாக விட்டு, அது தன் பிழை எல்லைக்குள் சுழியத்தைத் தொடுகிறதா என்று பாருங்கள். பிறகு புள்ளிகள் கோட்டிலிருந்து விலகும் அளவைத் தனியே வரையுங்கள். விலகல் வில்லாக வளைந்தால் வரியின் அகலமும் புலத்தோடு மாறுகிறதா என்று சரிபாருங்கள். அகலம் கூடினால் லேசர் படும் பரப்புக்குள்ளேயே புலம் சீராக இல்லை. நேர்கோடு அழகாக இருந்து, சாய்வு மட்டும் 61.15இலிருந்து இரண்டு மூன்று சதவீதம் விலகினால் லேசரைத் தொட வேண்டாம்; பகுப்பானையும் இடைத்துண்டின் தடிமனையும் மீண்டும் அளக்க வேண்டும்.

இந்த எண்கள் வெறும் பயிற்சிக்கானவை அல்ல. அறை வெப்பநிலையில் சுவர்கள் உமிழும் வெப்பக் கதிர்வீச்சுக்கும் மின்புலம் உண்டு. 300 கெல்வினில் அதன் பயனுறு மதிப்பு ஒரு மீட்டருக்கு ஏறத்தாழ 830 வோல்ட். சீசியம் அணுக் கடிகாரத்தின் ஓட்டத்தை அது சுமார் 59 லட்சம் கோடியில் ஒரு பங்கு மெதுவாக்குகிறது. அந்த நகர்வு வெப்பநிலையின் நான்காம் படியைப் பொறுத்தது என்பதால், 40 டிகிரியில் இருக்கும் சேலத்து அறையில் அது 15 டிகிரியில் இருக்கும் ஏற்காட்டு அறையைவிட ஏறத்தாழ 40 சதவீதம் அதிகம். கடிகாரக்காரர்கள் இந்தத் திருத்தத்தைக் கணக்கிட நிலையான மின்புலத்தில் அளந்த ஸ்டார்க் நகர்வைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

அடுத்த கட்டம்: ரிட்பெர்க் மட்டங்கள்

முதன்மைக் குவாண்டம் எண் மிக உயர்ந்த மட்டங்களே ரிட்பெர்க் மட்டங்கள். முனைவாகும் திறன் அந்த எண்ணின் ஏறத்தாழ ஏழாம் படியில் உயர்கிறது. ரூபிடியத்தின் 50எஸ் மட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு வெறும் ஒரு வோல்ட் புலத்தில் ஏறத்தாழ 25 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்துவிடும். அங்கே உயர் மின்னழுத்த மூலமே தேவையில்லை. டார்ச் விளக்கின் பேட்டரி போதும். 780 நானோமீட்டர் லேசரோடு 480 நானோமீட்டர் லேசரையும் எதிர்த்திசையில் செலுத்தி, மின்காந்தத்தால் தூண்டப்படும் ஒளி ஊடுருவலை (ஒரு லேசர் இருக்கும்போது மற்றதன் ஒளியை ஆவி உட்கவராமல் விடும் விளைவு) கொண்டு மட்டத்தைக் காண்பார்கள். நீல லேசர் விலை உயர்ந்தது. அதோடு, டி1 வரியில் கண்ணுக்கே தெரியாத தனிப்புலங்கள் இங்கே பெரும் நகர்வுகளை உண்டாக்கும். அதனால்தான் இதை முதலில் தொடங்க வேண்டாம் என்கிறேன்.

அதற்குப் போகும்போது, மின்னழுத்தத்தை எதிர்க்குறியிலிருந்து நேர்க்குறி வரை சிறு சிறு படிகளாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் மட்டத்தின் இடத்தைக் குறித்துப் பரவளையம் வரையுங்கள். அதன் உச்சி சுழிய வோல்ட்டில் இருக்காது. உச்சி எந்த மின்னழுத்தத்தில் வருகிறதோ, அதுவே தகடுகளுக்குச் செங்குத்தான திசையில் தனிப்புலத்தைச் சமன்செய்யும் மின்னழுத்தம். தகடுகளுக்கு இணையான திசையில் தனிப்புலம் இருந்தால் உச்சியிலும் நகர்வு சற்று மிஞ்சியிருக்கும். அதை நீக்க மற்ற இரு திசைகளிலும் தனித்தனியாகச் சிறு மின்வாய்களைச் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் இதே பரவளையத்தை எடுக்க வேண்டும்.